மைனஸ் மூன்று புள்ளி நான்கு

என் அண்ணன் என்னோடு பேச்சை நிறுத்தியதற்குக் காரணம் சொத்தும் இல்லை, சம்பந்தமும் இல்லை. காற்று. சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். நாள் முழுக்கக் கம்ப்ரசரை ஓடவிட்டு, வருகிற போகிற வண்டிக்கெல்லாம் டயரில் காற்றடித்துப் பிழைப்பவன் அவன். அவனுக்குக் காற்றைப் பற்றி ஒரு வார்த்தை என்னால் புரியவைக்க முடியவில்லை.

என் பிழைப்பு ஒரு பள்ளிக்கூட ஆய்வகத்தில். பிள்ளைகள் உடைத்த கண்ணாடிக் குழாய்களைக் கூட்டி அள்ளி, உடையாமல் தப்பித்ததைக் கழுவி அடுக்குகிற வேலை. விடுமுறை நாட்களில் தடகளப் போட்டிகளுக்குப் போவேன். ஓட்டத்துக்கு நேரம் எடுக்கிறவர்கள் வேறு ஆட்கள். நான் காற்றை அளக்கிறவள். நூறு மீட்டர் ஓடுபாதையின் நட்டநடுவில், ஓரமாக, முக்காலி மேல் காற்றுமானியை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன். துப்பாக்கி வெடித்ததும் பொத்தானை அழுத்த வேண்டும். ஓடுகிறவளைக் காற்று முதுகில் தள்ளியதா, முகத்தில் தள்ளியதா, எவ்வளவு வேகத்தில் தள்ளியது என்று கருவி காட்டும். முதுகில் என்றால் பிளஸ், முகத்தில் என்றால் மைனஸ். அதை வாக்கிடாக்கியில் சொல்லிவிட்டால் என் வேலை முடிந்தது. மைதானத்தில் எனக்கு 'காத்து மேடம்' என்று பெயர். முகத்துக்கு நேரே மரியாதையாகத்தான் சொல்வார்கள்.

இந்த விளையாட்டில் ஒரு விதி இருக்கிறது. அதைச் சொல்லாமல் என் கதையைச் சொல்ல முடியாது. பின்காற்று நொடிக்கு இரண்டு மீட்டருக்கு மேல் அடித்தால், அந்த ஓட்டத்தின் நேரம் எந்தத் தகுதிக்கும் செல்லாது. நியாயம்தான், காற்று தள்ளிய தள்ளலை ஓடியவளின் கணக்கில் ஏற்றக் கூடாது. ஆனால் எதிர்காற்று எவ்வளவு அடித்தாலும் நேரம் செல்லும். புயலே முகத்தில் மோதினாலும் ஓடியது ஓடியதுதான். ஐயோ பாவம், காற்று பிடித்து இழுத்ததே என்று ஒரு நூலிழை கூடக் குறைத்துத் தர மாட்டார்கள். கொடுத்ததைத் திருப்பி வாங்கிக்கொள்வார்கள், பிடுங்கியதைத் திருப்பித் தர மாட்டார்கள். விதி எழுதினவன் எவனோ பெரிய இடத்துக் கடைக்காரனாக இருக்க வேண்டும்.

அண்ணனுக்கு ஒரே மகள். கல்லூரியில் கடைசி வருடம். சின்ன வயதில் ஓரிடத்தில் இருக்க மாட்டாள் என்று வாலு என்று கூப்பிட ஆரம்பித்தோம், பெயரே போய் அதுவே நின்றுவிட்டது. எனக்குப் பிள்ளை இல்லை. கணவர் போய்ச் சேர்ந்தும் காலமாகிறது. அவளை நான் வளர்த்தேன் என்றெல்லாம் பீற்றிக்கொள்ள மாட்டேன், அண்ணி இருக்கிறாள் அதற்கு. ஆனால் அவளுக்கு முதல் ஓடுகாலணி வாங்கிக் கொடுத்தது நான். கால் வீங்கினால் ஐஸ் வைத்துக் கட்டியது நான். எனக்கு இந்த உலகத்தில் ஆசை என்று இருந்தது அவள் ஒருத்தி மேல்தான்.

கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் அவள் நூறு மீட்டரில் 11.64 ஓடினாள். ஒலிபெருக்கியில் அதைப் படித்ததும் மைதானமே எழுந்து நின்றது. அண்ணன் வேலியைத் தாண்டிக் குதித்து உள்ளே ஓடி வந்தான், செருப்பு ஒன்று வேலியிலேயே மாட்டிக்கொண்டது. ஒலிபெருக்கியில் நேரத்தைத்தான் படித்தார்கள். நான் சொன்ன காற்றைப் படிக்கவில்லை. என் கருவியில் பிளஸ் மூன்று புள்ளி எட்டு. அந்த நேரம் எதற்கும் செல்லாது என்று அறிவிப்புப் பலகையின் ஓரத்தில் சின்ன எழுத்தில் எழுதியிருந்தது. அதை யார் பார்க்கிறார்கள்?

அடுத்த நாள் காலை அண்ணனின் டயர் கடை வாசலில் இரண்டு ஆள் உயரத்துக்கு ஒரு பேனர். வாலு மார்பை முன்னே தள்ளிக் கோட்டைத் தாண்டும் படம், அதன் கீழே என் உயரத்துக்கு 11.64. பஞ்சர் ஒட்ட வருகிறவன், வால்வு மாற்ற வருகிறவன் எல்லோரிடமும் அண்ணன் அந்த எண்ணைப் படித்துக் காட்டினான். படிக்கத் தெரிந்தவர்களுக்கும் படித்துக் காட்டினான்.

அன்று சாயங்காலம் அவர்கள் வீட்டுக்குப் போனேன். வாய் சும்மா இருந்திருக்கலாம். என் வாய் எப்போது சும்மா இருந்தது? கூடத்தில் உறவுக்காரர்கள் இரண்டு பேர் இருந்தார்கள், வாலு நடுவில் கூச்சத்தோடு உட்கார்ந்திருந்தாள். அண்ணன் எண்ணைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துகொண்டிருந்தான். நான் சொன்னேன், அந்த நேரம் செல்லாது, காற்று தள்ளியிருக்கிறது, காற்று இல்லாத நாளில் இவள் 11.80-க்கு வெளியேதான் நிற்பாள், இன்னும் உழைக்க வேண்டும் என்று. 

அண்ணன் கேட்டான்: "காத்தா ஓடுச்சு? என் பொண்ணுதானே ஓடுனா?"

"கூட ஓடின எல்லாருக்கும்தான் காத்து அடிச்சது. அவ முதல்ல வந்தது நிஜம். நேரம்தான் நிஜமில்லங்கறேன்."

"ஊரே கை தட்டுது, உனக்கு மட்டும் வயிறு எரியுது. உனக்குன்னு ஒண்ணு இருந்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

அண்ணி அவன் கையைப் பிடித்து இழுத்தாள். சொன்னது சொன்னதுதான். நான் எழுந்து வந்துவிட்டேன். வாசல்வரை வாலு வந்தாள். அவளாவது ஏதாவது சொல்வாள் என்று நின்றேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஒரு நாள் சந்தோஷமாக இருக்க விட்டிருக்கலாமே அத்தை என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள். அதற்குப் பிறகு அண்ணன் என்னோடு பேசவில்லை. நானும் அவனோடு பேசவில்லை. வீம்பில் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே வார்ப்பு.

நான் சொன்னதுபோலவே அந்த நேரத்தைத் தேசியப் பயிற்சி மையம் ஏற்கவில்லை. அது என்ன மையம் என்று சொல்லிவிடுகிறேன். தங்க விடுதி, சாப்பாடு, நல்ல பயிற்சியாளர், மேலே படிக்க இடம், எல்லாம் அங்கேயே கிடைக்கும். அங்கே நுழைந்துவிட்டால் ஓட்டம்தான் வாழ்க்கை. நுழையாவிட்டால், படிப்பு முடிந்ததும் அண்ணனின் டயர் கடையில் பில் போடும் மேசை காத்திருக்கிறது. நுழைவதற்கு 11.80-க்குள், செல்லுபடியாகிற காற்றில் ஓடிக் காட்ட வேண்டும். வயது வரம்பு வேறு உண்டு; வாலுவுக்கு அந்த வருடத்தோடு சரி. மையத்தின் தேர்வாளர் நேரில் வந்து ஒரு தேர்வு ஓட்டம் வைப்பதாக அறிவித்தார்கள். அவளுக்கு அது ஒன்றுதான் வாய்ப்பு.

அண்ணனோ 11.64 ஓடியவளுக்கு 11.80 எல்லாம் ஒரு பொருட்டா என்று நினைத்தான். தங்கச்சியின் மெஷின் மட்டும் குறுக்கே வராமல் இருந்தால் மகள் எப்போதோ விடுதிக்குப் போயிருப்பாள் என்று கடையில் எல்லோரிடமும் சொல்வானாம். அண்ணிதான் போனில் சொன்னாள். வாலு மட்டும் வாயைத் திறக்காமல் பயிற்சி செய்தாள். விடியற்காலையில் மைதானத்தில் அவள் ஓடுவதை மதிலுக்கு வெளியே நின்று இரண்டு மூன்று முறை பார்த்தேன். முன்பெல்லாம் கிளம்பும்போது அவள் இடது தோள் வெளியே விரியும்; அந்தப் பழக்கம் நின்றிருந்தது. கால் தரையில் படுகிற சத்தமே குறைந்திருந்தது. என் மனசுக்குள் சொன்னேன், இப்போது நீ உள்ளே போய்விடுவாயடி.

தேர்வு நாளில் கருவிக்கு நான்தான். தலைமை நடுவருக்கு விசில் என்று பட்டப்பெயர். கழுத்தில் விசில் தொங்குவதால் அல்ல, மூச்சு விட்டாலே அவர் மூக்கில் ஒரு விசில் சத்தம் வரும். நல்ல மனுஷர். சொந்தக்காரப் பெண் ஓடுகிறாள் என்று முதலிலேயே அவரிடம் சொல்லிவிட்டேன். அவர் யோசித்துவிட்டு, கருவிக்கு வேறு ஆள் இல்லை, நீயே இரு, ஆனால் அந்தப் பெண்ணின் ஓட்டத்தைப் பற்றி ஓட்டம் முடிகிறவரை யாரிடமும் வாயைத் திறக்காதே என்றார். வாக்குக் கொடுத்தேன்.

ஓடப்போவது ஐந்து பெண்கள். மதியத்துக்கு மேல் ஓட்டம். ஆனால் காற்று எழும்பிவிட்டது. கொடிகள் எல்லாம் ஓட்டம் முடியும் கோட்டைப் பார்த்து விறைத்து நின்றன. விசில் என்னைச் சோதனைக்கு அளக்கச் சொன்னார். அளக்க அளக்கப் பிளஸ் மூன்றுக்குக் கீழே இறங்கவே இல்லை. இதில் ஓடினால் ஐந்து பேர் நேரமும் குப்பைக்குத்தான் என்று அவருக்குத் தெரியும். தேர்வாளரும் அவரும் பேசி இரண்டு வழி சொன்னார்கள். ஒன்று, சாயங்காலம் காற்று அடங்கும்வரை காத்திருப்பது. இன்னொன்று, ஓட்டத்தையே திருப்பிப் போடுவது. அந்த மைதானத்தில் இரண்டு பக்கமும் கோடு உண்டு. நேரம் எடுக்கிற கேமராவை மறு முனைக்கு மாற்றிவிட்டு அங்கே முடிகிற மாதிரி ஓடலாம். அப்போது காற்று முகத்தில் அடிக்கும். நேரம் செல்லும்.

அந்த நாற்காலியில் நான் வருஷக்கணக்காக உட்கார்ந்திருக்கிறேன். அங்கே மதியம் எழும்பும் காற்று வெயில் சாய்ந்ததும் படுத்துவிடும். சத்தியம் செய்ய முடியாது, ஆனால் பெரும்பாலும் படுத்துவிடும். விசிலுக்கும் அது தெரியும். ஆனாலும் அவர் யாருக்கும் புத்தி சொல்கிற இடத்தில் இல்லை. ஓடுகிறவர்களுக்குப் பொறுப்பாக வந்தவர்களே முடிவு செய்யட்டும் என்றுவிட்டார். இரண்டு பெண்களின் பயிற்சியாளர்கள் காத்திருக்கலாம் என்றார்கள். இரண்டு பேர் தூரத்திலிருந்து வந்தவர்கள், கடைசி பஸ்ஸை விட்டுவிடுவோம், இப்போதே ஓடட்டும் என்றார்கள். வாலுவின் கல்லூரிப் பயிற்சியாளர் பையன்கள் அணியோடு வேறு ஊருக்குப் போயிருந்தார். அவளுக்குப் பொறுப்பாக வந்தது அண்ணன். ஆக, ஐந்தாவது வார்த்தை அவனுடையது.

அவன் கேலரி நிழலில் கையைக் கட்டிக்கொண்டு நின்று யோசித்துக்கொண்டிருந்தான். தண்ணீர் டிரம்மிடம் அண்ணி நின்றிருந்தாள். டம்ளரில் தண்ணீர் பிடிக்கிற சாக்கில் போனேன். வாக்கை மீறியது தப்புத்தான், போகட்டும்.

"அண்ணி, சாயந்தரம் வரைக்கும் இருக்கச் சொல்லுங்க. காத்து அடங்கிடும். நான் சொன்னேன்னு மட்டும் சொல்லாதீங்க."

அண்ணிக்குப் பொய் வராது. அதுதான் அவளிடம் எனக்குப் பிடித்த குணம். அன்றைக்கு அதுவே வினையாய் முடிந்தது. அவள் போய் அவன் காதில் சொன்னதும், அவன் நிமிர்ந்து நேராக என்னைப் பார்த்ததைக் கண்டேன். யார் சொன்னது என்று கேட்டிருக்கிறான், அவள் முழித்திருக்கிறாள். அவ்வளவுதான். அவன் சொன்ன பதில் அங்கிருந்தே என் காதில் விழுந்தது.

"அவ சொல்றாளா? அப்ப இப்பவே ஓடணும். என் பொண்ணு காத்தை நம்பி ஓடுறவ இல்லன்னு அவளே மெஷினை வெச்சுக்கிட்டுப் பாக்கட்டும்."

விசிலிடம் போய் இப்போதே என்று சொல்லிவிட்டான். மூன்றுக்கு இரண்டு. கேமராவைத் தூக்கிக்கொண்டு மறு முனைக்கு நடந்தார்கள். எனக்கு அந்த முக்காலியைப் பிடுங்கி அவன் மண்டையில் போடலாம் போலிருந்தது. போடவில்லை. கருவியைத் திருப்பி நிறுத்தினேன், ஓடும் திசை மாறிவிட்டதால் அதையும் திருப்ப வேண்டும். திருகுகளை முடுக்கினேன். வாலு தூரத்தில் கிளம்பும் கட்டையில் காலை ஊன்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள். யாரும் அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நானும் கேட்கவில்லை.

துப்பாக்கி வெடித்தது. பொத்தானை அழுத்தினேன். என் வேலை எண்ணைப் பார்ப்பது, ஆனால் நான் அவளைத்தான் பார்த்தேன். மற்ற நாலு பெண்களும் காற்றில் சீக்கிரமே நிமிர்ந்துவிட்டார்கள், சட்டை மார்போடு ஒட்டிக்கொண்டு பின்னால் படபடத்தது. அவள் நிமிரவில்லை. கனமான கதவை முட்டித் திறக்கிறவளைப் போல ஓடினாள். என்னைத் தாண்டும்போதே இரண்டு ஆள் தூரம் முன்னால் இருந்தாள். அப்படி ஒரு ஓட்டத்தை அவளிடம் நான் அதற்கு முன் பார்த்ததில்லை; எவளிடமும் அந்த மைதானத்தில் பார்த்ததில்லை. கருவியைப் பார்த்தேன். மைனஸ் மூன்று புள்ளி நான்கு. வாக்கிடாக்கியில் சொன்னேன். சரியாகக் கேட்கவில்லை என்று திரும்பச் சொல்லச் சொன்னார்கள். திரும்பச் சொன்னேன்.

முதலாவதாக வந்தாள். நேரம் 11.97.

அந்தக் காற்றுக்குச் சுமார் கால் நொடி கழிக்கலாம். காற்று இல்லாமல் ஓடியிருந்தால் 11.71, மிஞ்சினால் 11.73. பேனரில் இருந்த 11.64-ஐ விட அது பெரிய ஓட்டம். இது எனக்குத் தெரியும். தேர்வாளருக்கும் தெரிந்திருக்கும்; அவர் பேனா மூடியை உதட்டில் தட்டிக்கொண்டே கொஞ்ச நேரம் அந்த எண்ணைப் பார்த்தார். ஆனால் மையத்தில் கேட்பது 11.80-க்குள். எதிர்காற்றுக்குச் சலுகை என்று எந்தத் தாளிலும் இல்லை. ஐந்து பேரில் யாரும் தகுதி பெறவில்லை என்று அறிவித்தார். வாலுவின் முதுகில் தட்டிக் கொடுத்துவிட்டு வண்டியில் ஏறினார்.

அண்ணன் கேலரியில் உட்கார்ந்துவிட்டான். 11.64 எங்கே, 11.97 எங்கே என்று அவன் யாரிடமோ கேட்டுக்கொண்டிருந்தான். சரியாகத் தூங்கவில்லை, பயந்துவிட்டாள், கால் பிடித்திருக்கும் என்று பக்கத்தில் இருந்தவர்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். அவள் புல்லில் உட்கார்ந்து காலணி நாடாவை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். நான் போய்ப் பக்கத்தில் குந்தினேன். ஓட்டம் முடிந்துவிட்டது, இனி வாக்கும் இல்லை ஒன்றும் இல்லை.

"வாலு, இன்னிக்குத்தான்டி நீ உன் வாழ்க்கையிலயே வேகமா ஓடியிருக்கே."

அவள் நாடாவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அன்னிக்கு எல்லாரும் வேகம்னாங்க, நீங்க இல்லன்னீங்க. இன்னிக்கு எல்லாரும் மெதுவுங்கறாங்க, நீங்க வேகம்ங்கறீங்க. உங்களுக்கு எப்பவும் எதிராவே பேசணுமா அத்தை?"

காலணியைக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு நடந்து போனாள். வெயில் சாய்ந்தபோது நானும் விசிலும்தான் மிச்சம். முக்காலியை மடக்கும்போது கொடிகளைப் பார்த்தேன். கம்பத்தோடு சுருண்டு கிடந்தன, ஒரு அசைவு இல்லை. விசிலும் பார்த்தார். 

வாலுவின் படிப்பு முடிந்து கொஞ்ச நாள் கழித்து அண்ணி போன் செய்தாள். வாலு சரியாகச் சாப்பிடுவதில்லை, அப்பாவோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை, உங்களைப் பார்க்க வேண்டும் என்கிறாள், கோபத்தை விட்டுவிட்டு வாருங்கள் என்றாள். ஆய்வகம் முடிந்ததும் நேராகப் போனேன். கூடத்தில் மின்விசிறி கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தது. அண்ணன் அப்போதுதான் கடையிலிருந்து வந்திருந்தான். பின்பக்கக் குழாயடியில் கையில் இருந்த கிரீஸைச் சோப்புத்தூள் போட்டுத் தேய்க்கிற சத்தம் கேட்டது. வாலு மெலிந்திருந்தாள். சுற்றி வளைக்காமல் கேட்டாள்.

"நெட்டில தேடிப் பாத்தேன் அத்தை. எதிர்காத்து எவ்வளவு அடிச்சா எவ்வளவு கழிக்கணும்னு கணக்கு இருக்கு. என்னோடதைப் போட்டா பதினொண்ணு எழுபத்திரண்டு வருது. சரியா?"

பரவாயில்லை, என் மருமகள் என்று நினைத்துக்கொண்டேன். பெருமையாகக்கூட இருந்தது. ஆமாம் என்று வாயெடுக்கப் போனேன். அதற்குள் அவள் அடுத்ததைக் கேட்டுவிட்டாள்.

"அப்ப அப்பா சாயந்தரம் வரைக்கும் காத்திருந்தா, நான் உள்ள போயிருப்பேன். அப்படித்தானே?"

குழாயடியில் தண்ணீர்ச் சத்தம் நின்றது. கதவுத் திரைக்குக் கீழே அண்ணனின் ஈரக்கால் இரண்டும் தெரிந்தன. அவன் உள்ளே வரவும் இல்லை, திரும்பிப் போகவும் இல்லை.

நான் அவளைப் பார்த்தேன். அந்தக் கண்ணில் இருந்தது துக்கம் இல்லை. துக்கமாக இருந்தால் எனக்குப் பயமில்லை. ஆமாம் என்று நான் ஒரு வார்த்தை சொன்னால், இந்த வீட்டில் அவள் இனி அவனைப் பார்க்கிற ஒவ்வொரு தடவையும் அதோடுதான் பார்ப்பாள். இருந்த ஒரே வாய்ப்பும் போய்விட்டது. உண்மை தெரிந்து அவளுக்கு ஆகப்போவது ஒன்றும் இல்லை. இல்லை என்று சொன்னால் ஒன்று போய்விடும். அவள் அன்று ஓடிய ஓட்டம் போய்விடும். அதை அவளிடமிருந்து நானே பிடுங்கிக்கொண்டதாக ஆகும்.

"இல்லடி," என்றேன். "அந்தக் கணக்கெல்லாம் பெரிய பெரிய மைதானத்துக்குப் போட்டது. நம்ம தரைக்கு ஒத்துவராது. காத்தே இல்லன்னாலும் நீ பதினொண்ணு எண்பத்தஞ்சுதான் ஓடியிருப்பே. எப்ப ஓடியிருந்தாலும் உள்ள போயிருக்க மாட்டே."

"நிஜமாவா?"

"உன்னைக் குளிர வைக்க நான் எப்பவாவது பொய் சொல்லியிருக்கேனா?"

அவள் யோசித்தாள். பேனர் வைத்த அன்று கூடத்தில் எல்லோர் முன்னாலும் நான் சொன்னதை நினைத்திருப்பாள். இல்லை என்று தலையாட்டினாள். நீங்கள் சொல்ல மாட்டீர்கள் என்றாள். இவ்வளவு நாள் பிடித்து வைத்திருந்த மூச்சை விட்டதுபோல அவள் தோள் இறங்கியது. நம்பிவிட்டாள். நான் மட்டும் ஊரோடு ஒத்து அன்றைக்குக் கை தட்டியிருந்தால் இன்றைக்கு என்னை நம்பியிருக்க மாட்டாள்.

"அப்ப நான் அவ்வளவுதான்," என்றாள். அழவில்லை. "சரி அத்தை. அது தெரிஞ்சா போதும். அப்பா மேல தேவையில்லாமக் கோபப்பட்டுட்டேன். இருங்க, டீ போடறேன்."

அவள் சமையலறைக்குப் போனதும் திரை விலகியது. அண்ணன் வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்தான். கையைத் துடைக்கக்கூட இல்லை, விரலில் இருந்து தண்ணீர் தரையில் சொட்டியது. உள்ளே பாத்திரம் வைக்கிற சத்தம், அவள் அண்ணியோடு ஏதோ பேசுகிற சத்தம். நாளாகிவிட்டது அவள் அப்படிப் பேசி. அவன் அதைக் கேட்டுக்கொண்டே இருந்தான். பிறகு குரலை இறக்கி, என்னைப் பார்க்காமல், இத்தனை மாதத்துக்குப் பிறகு முதல் வார்த்தை பேசினான்.

"போயிருப்பாளா?"

அவனுக்கும் இல்லை என்று சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. ஒருத்தியிடம் சொன்ன பொய்யை இன்னொருவனிடம் சொல்ல எவ்வளவு நேரம்? ஆனால் அவள் ஓடிய ஓட்டத்தை என்னைத் தவிர இன்னும் ஒரு ஆளாவது தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்று எனக்கு இருந்தது. தனியாக என்னால் அதைச் சுமக்க முடியாது. கோபமும் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

"போயிருப்பா," என்றேன்.

அவன் தலையை ஆட்டினான். ஆட்டிக்கொண்டே இருந்தான். வாலு டீயோடு வந்தாள். எனக்குக் கொடுத்துவிட்டு அவன் பக்கத்தில் போய், அந்த நாற்காலிக் கையிலேயே உட்கார்ந்துகொண்டாள், சின்ன வயதில் உட்காருகிற மாதிரி. நாளையிலிருந்து கடைக்கு வருகிறேன், பில் போடுவது எப்படி என்று காட்டிக் கொடுங்கள் என்று அவனிடம் சொன்னாள். அவன் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சரிம்மா என்றான்.